கறைப்பல்லுக்குக் காரணம் சாப்பாடு இல்லை, தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் உடல்நலப் பக்கத்தில் பல்லுக்கும் ஈறுக்கும் உகந்த உணவுகள் என்று முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயமாயிற்றே என்று ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். பல்லில் பழுப்புக் கறை இருந்தால் அதற்குச் சத்தில்லாத சாப்பாடும் ஒழுங்காகப் பல் விளக்காததும்தான் காரணமாம், ஆப்பிளும் சீஸும் சாப்பிட்டு வந்தால் கறை தானாகப் போய்விடுமாம். அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நான் தர்மபுரி மாவட்டத்துக்காரி. பாலக்கோடு பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல் ஏன் காவி நிறமாக இருக்கிறது என்பது பத்திரிகை நடத்துகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. போர் தண்ணீரில் கரைந்திருக்கிற ஃபுளோரைடு என்ற தாது உப்புதான். குடிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் மாவட்டத்தில் அதைத் தாண்டிய போர்கள் எத்தனையோ. காய்ச்சினாலும் அது போகாது. பிள்ளைக்கு ஏழெட்டு வயதாவதற்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே பல்லின் மேல் ஓடான எனாமலைக் கெடுத்துவிடும். பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளை வரி தெரியும், அப்புறம் மஞ்சளாகும், பழுப்பாகும், சில பிள்ளைகளுக்குக் குழி விழுந்து ஓரம் உதிரும். எனாமலுக்குள்ளேயே இருக்கிற நிறத்தை எந்த ஆப்பிள் வந்து தேய்த்து எடுக்கும், சொல்லுங்கள்?

விளக்காமலா இருந்தார்கள் எங்கள் பிள்ளைகள்! செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து ஈறில் ரத்தம் வரத் தேய்த்த பிள்ளைகளுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு வாத்தியார் வகுப்பில் வைத்தே "பல்லு வெளக்கவே மாட்டியா?" என்று கேட்டதற்காக மறுநாள் பள்ளிக்கே வராத பையனை வீடு தேடிப்போய்க் கூட்டி வந்திருக்கிறேன். குரூப் போட்டோ எடுக்கும்போது போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னால் பெண் பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள். என் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு பாக்கு போடுமா?" என்று கேட்டார். அந்த இடம் அத்தோடு போயிற்று. அவள்தான் உங்கள் கட்டுரையைப் படம் எடுத்து அனுப்பி, "பாத்தியா பெரியம்மா, நாம சரியா சாப்பிடலையாம்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

2013-ல், காவிரி ஆற்றுத் தண்ணீரை எங்கள் பக்கம் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் வந்த பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பல் பளிச்சென்று முளைக்கிறது. அவர்களுடைய அண்ணன், அக்காவுக்குக் கறை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே களி, ஒரே குழம்பு. மாறியது தண்ணீர் மட்டும்தான். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

உங்கள் பட்டியலில் இன்னொன்று, தினமும் கிரீன் டீ. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். ஏற்கெனவே ஃபுளோரைடு கூடுதலாகக் குடிக்கிற ஊர்க்காரர்களை இன்னும் கொஞ்சம் குடியுங்கள் என்கிறீர்கள். இது அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒரு பல் டாக்டரிடம் காட்டியிருக்கக் கூடாதா?

சாப்பாட்டைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயிற்றில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வது குறையும், அதனால் எங்களைப் போன்ற ஊர்களுக்குச் சாப்பாடு முக்கியம்தான். ஆனால் சீஸும் ஸ்ட்ராபெர்ரியும் எங்கள் சந்தையில் எங்கே இருக்கிறது? 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், அதே அளவு பாலில் சுமார் 120. கேழ்வரகு விளைகிற மாவட்டம் இது. கேழ்வரகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முருங்கைக்கீரை இல்லை, எள் இல்லை. ஈறுக்கு வைட்டமின் சி என்று சொல்லிவிட்டுக் கிவிப் பழத்தின் படம் போட்டிருக்கிறீர்கள், கொய்யாவும் நெல்லிக்காயும் கண்ணில் படவில்லை. பல்லைச் சொத்தையாக்குகிற பிஸ்கட்டையும் மிட்டாயையும் பற்றியும் பேச்சில்லை. சர்க்கரை பல்லில் ஒட்டும்போதெல்லாம் வாயில் இருக்கிற கிருமி அதை அமிலமாக்குகிறது, அதனால் எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை தடவை தின்கிறோம் என்பதும் சேர்ந்துதான் பல்லைக் கெடுக்கிறது. இதைச் சொல்லியிருந்தால் எத்தனை தாய்மாருக்கு உதவியிருக்கும். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் குழந்தைகளுக்கான இனிப்பு பானத்தின் விளம்பரம் இருந்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது.

முன்பு மூட்டுவலிக் கட்டுரையில் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று எழுதியபோதும், அதிக ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் பாதிக்கும் என்று விவரமாக ஒரு கடிதம் போட்டேன். நீங்கள் வெளியிடவில்லை. எங்கள் மாவட்டத்தைப் பின்தங்கிய மாவட்டம் என்று எழுத மட்டும் உங்களுக்கு எப்போதும் இடம் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு, தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் வரும் கறை சாப்பாட்டினாலோ தேய்ப்பதாலோ போகாது, பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரி போடுங்கள். வீட்டுப் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுரை வந்த அதே உடல்நலப் பக்கத்தில் வரட்டும், தயவுசெய்து வாசகர் கடிதத்தின் மூலையில் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்