பட் ஸ்பென்சருக்குத் தமிழ்க் குரல்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் நூலக முற்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுவது உங்களுக்குத் தெரியும். வரும் பங்குனியில் குழந்தைகளுக்காக நடிகர் பட் ஸ்பென்சர் நடித்து 1979-இல் வந்த ஓர் இத்தாலியப் படத்தைப் போட எண்ணியிருக்கிறோம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘நான் நீர்யானைகள் பக்கம்’ என்று வரும். இட்டாலோ சிங்கரெல்லி இயக்கி, தென்னாப்பிரிக்காவில் எடுத்த படம்.

கதை லேசானது. வேட்டையாட வரும் சுற்றுலாக்காரர்களை வண்டியில் காட்டுக்குள் ஏற்றிப் போவது டாமின் பிழைப்பு. அவனுடைய உறவுக்காரன் ஸ்லிம்முக்கு விலங்குகளைச் சுடுவது பிடிக்காது. சத்தம் மட்டும் வரும் வெற்றுத் தோட்டாக்களைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறான். இப்படி முட்டிக்கொள்ளும் இருவரும், விலங்குகளைக் கூண்டில் பிடித்து வெளிநாட்டுக்கு விற்கும் ஆர்மண்ட் என்ற பணக்காரனுக்கு எதிராக ஒன்று சேர்கிறார்கள். அப்புறம் ஒரே அடிதடி.

அடிதடி என்றாலும் ரத்தம் கிடையாது. டாமாக வரும் பட் ஸ்பென்சர் கையை ஓங்கி உச்சந்தலையில் ஒரு குட்டு வைப்பார், எதிராளி கண் சொருகி உட்கார்ந்துவிடுவான். அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்புக்காரர் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குகளில் நீந்தியவர். 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். ஸ்லிம்மாக வரும் டெரன்ஸ் ஹில் சண்டையை நடனம்போல ஆடுவார். ஆர்மண்டாக வருகிறவர் ஜோ பக்னர், முகமது அலியோடு 1973-இலும் 1975-இலும் மோதிய நிஜக் குத்துச்சண்டை வீரர். அவருக்கே குட்டு விழும்போது சிரிப்பு இரண்டு மடங்கு.

சரி, பணம் எதற்கு? குரலுக்கு. திரையின் அடியில் ஓடும் எழுத்தை இரண்டாம் வகுப்புப் பிள்ளையால் படித்து முடிக்க முடியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நான்கு பேர் உட்கார்ந்து, அங்கேயே தமிழில் பேசப்போகிறோம். பேசாப்படக் காலத்தில் கொட்டகையில் ஆள் நின்று கதை சொன்ன வழக்கம்தான். ‘வாயசைவோடு குரல் ஒட்டாதே’ என்று நினைக்கவேண்டாம். இத்தாலியப் பதிப்பிலேயே ஸ்பென்சர், ஹில் இருவருக்கும் வேறு ஆட்கள்தான் குரல் கொடுத்திருக்கிறார்கள்.

போன மாதம் அரை மணி நேரம் ஒத்திகை பார்த்தோம். நம் குரல் கேட்பதற்காகப் படத்தின் ஒலியைக் குறைத்தால், அடியின் சத்தமும் சேர்ந்து காணாமல் போய்விட்டது. முன்வரிசையில் இருந்த பையன் ‘அடி விழவே இல்லையே’ என்றான். அவனுடைய தாத்தா செருப்பைக் கழற்றி ஈரக் கோணியில் ஓங்கி ஒன்று போட்டார். அச்சு அசலாக இருந்தது. அவர் இப்போது குழுவில் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. படம் எடுத்த காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தது. அந்த நாட்டோடு வணிகமே வேண்டாம் என்று இந்தியா 1946-லேயே முடிவெடுத்திருந்தது. படத்தில் அதைப் பற்றிப் பேச்சு மூச்சே இல்லை. ஊரைக் காப்பாற்றுவதும் இரண்டு வெள்ளைக்காரர்கள்தான். குழுவிலேயே ஒருவர் இதற்காக வேண்டாம் என்றார், அவர் சொன்னதில் நியாயம் உண்டு. படத்தைக் காட்டிவிட்டு, பெரிய பிள்ளைகளோடு அரை மணி நேரம் இதைப் பேசுவது என்று முடிவானது. அதற்கான நான்கு பக்கக் கையேட்டை அவரே எழுதுகிறார்.

பொதுத் திரையிடல் அனுமதி, புரொஜெக்டர், மைக் செட் வாடகை, ஜெனரேட்டர், வசனப் பிரதிகள், கையேடு, பிள்ளைகளுக்குச் சுண்டல் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆகும். இதுவரை சேர்ந்தது 18,500. பாதிக்கு மேல் அனுமதிக்கே போய்விடும். திருட்டுப் பிரதியைப் போடமாட்டோம் என்பதால் அதில் குறைக்க வழியில்லை. பேசுகிறவர்கள் யாரும் காசு வாங்கவில்லை.

நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. மாசி கடைசிக்குள் நூலகத்தில் பொருளாளரிடம் கொடுத்தால் போதும். அனுமதி கிடைக்காமல் போனால் பணம் அப்படியே திரும்பி வரும். கணக்கை நூலகப் பலகையில் ஒட்டுவோம்.

பணம் தர இயலாதவர்கள் ஒத்திகைக்கு வாருங்கள். ஆர்மண்டுக்குக் கனமான குரல் இன்னும் கிடைக்கவில்லை. பழைய கோணிப்பை இருந்தாலும் கொண்டுவாருங்கள், தாத்தா இரண்டைக் கிழித்துவிட்டார்.

இப்படிக்கு,
திரையிடல் குழுவினர்