வேதபாட ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

போரையும் சமாதானத்தையும் பற்றி மாணவர்கள் கேட்டால், "பழைய ஏற்பாட்டில் யுத்தம், புதிய ஏற்பாட்டில் சமாதானம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். பட்டயங்கள் (வாள்கள்) மண்வெட்டிகளாகும் என்னும் ஏசாயா 2:4 பழைய ஏற்பாடு, யுத்தம் பண்ணுகிறவரைக் காட்டும் வெளிப்படுத்தல் 19 புதிய ஏற்பாடு. அந்த வரி அங்கேயே உடைந்துவிடுகிறது.

போரைப் பற்றி வேதத்தில் தெரியும் முரண்பாடுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. சில, முன்னும் பின்னும் படித்தாலே தீர்ந்துவிடும். ஏசாயாவில் பட்டயம் மண்வெட்டியாகிறது, யோவேல் 3:10-இல் மண்வெட்டி பட்டயமாகிறது. யோவேலை 9-ஆம் வசனத்திலிருந்து 12 வரை வாசியுங்கள்: அது நியாயத்தீர்ப்புக்காக யோசபாத்தின் பள்ளத்தாக்குக்கு வரச்சொல்லிப் புறஜாதிகளுக்கு விடும் சவால். "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே" அனுப்ப வந்தேன் என்று இயேசு சொல்லும் மத்தேயு 10:34-உம் அப்படித்தான். அடுத்த இரு வசனங்கள் மீகா 7:6-ஐ எடுத்தாண்டு, வீட்டாருக்குள்ளேயே வரும் பகையைச் சொல்கின்றன. லூக்கா 12:51-இல் பட்டயம் இருந்த இடத்தில் "பிரிவினை" என்றே இருக்கிறது.

லூக்கா 22:36 அவ்வளவு சுலபமல்ல. வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்கச் சொன்ன இயேசு, பதினொரு சீஷருக்கு இரண்டே பட்டயம் இருக்கும்போது "போதும்" என்கிறார். சற்று நேரத்தில், தம்மைப் பிடிக்க வந்தவர்கள்மேல் சீஷரில் ஒருவர் அதைப் பயன்படுத்தியதும் தடுத்து, வெட்டுண்ட காதைச் சுகமாக்குகிறார். தற்காப்புக்கு அனுமதி என்று 36-ஐ மட்டும் காட்டுபவர்கள் 38-ஐயும் 51-ஐயும் சேர்த்து விளக்கட்டும்.

யோசுவாவின் புத்தகம் வேறு வகை. 10:36-40-இல் எபிரோனும் தெபீரும் அழிந்து, சுவாசமுள்ள எதுவும் மிஞ்சவில்லை. நியாயாதிபதிகள் 1:10-11-இல் அதே ஊர்கள்மேல் மறுபடி படையெடுப்பு. அக்கால வெற்றிப் பதிவுகள் பேசும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது புரியும். 1868-இல் கண்டெடுக்கப்பட்ட மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்துபோயிற்று என்கிறது. அதற்குப் பிறகும் அந்த ராஜ்யம் நூறு ஆண்டுக்குமேல் நிலைத்தது. ஆனால் இந்த விளக்கத்தை அளவுக்கு மீறி இழுக்காதீர்கள். 'எல்லோரையும் கொன்றான்' என்ற அறிக்கையை மிகையென்று கொள்ளலாம். சுவாசமுள்ள எதையும் உயிரோடே வைக்காதே என்னும் உபாகமம் 20:16 அறிக்கையல்ல, கட்டளை. மேசாவைக் காட்டி அதை மழுப்புவது வகுப்பில் நடக்கும் பெரிய தப்பு.

கடைசி வகை உண்மையான கருத்து மோதல். இஸ்ரவேல் ராஜா ஆகாபின் வீட்டாரைக் கொன்று ராஜாவான யெகூவை 2 இராஜாக்கள் 10:30 பாராட்டி, நாலு தலைமுறைக்குச் சிங்காசனம் தருகிறது. சுமார் நூறு ஆண்டு கழித்து ஓசியா 1:4, அந்தக் கொலைகள் நடந்த யெஸ்ரயேலின் இரத்தப்பழியைக் கர்த்தர் யெகூவின் வம்சத்திடம் விசாரிப்பார் என்கிறது. யெகூ எல்லை மீறினான், அல்லது தவறான நோக்கத்தோடு செய்தான் என்று சமாதானம் சொல்வார்கள். ஓசியா அப்படியொரு காரணத்தையும் சொல்லவில்லை. ஒரே இரத்தத்தைப் பற்றி வேதத்துக்குள்ளேயே இரண்டு தீர்ப்பு இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்தால் விசுவாசம் சரிந்துவிடாது. மூடிமறைத்ததைப் பின்னாளில் தாங்களே கண்டுபிடித்தால்தான் சரியும்.

பாடப்புத்தகத்தில் யெகூவைப் பற்றிய இவ்விரு வசனங்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். விடையை அடியில் போடாமல், யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். "முரண்பாடு இல்லை என்று நிரூபி" என்ற தேர்வுக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வேதபாடம் கற்பிக்கும் சிலர்