டெக்சாஸ் போகும் பெற்றோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் எந்த டிராவல் பாலிசி எடுக்கலாம் என்று பயணப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். டெக்சாஸ் போகிறவர்களுக்கு அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஹூஸ்டன், டாலஸ் புறநகர்களில் மளிகைக் கடை, பீட்சா கடை வரிசையிலேயே ‘எமர்ஜென்சி’ என்று சிவப்பு எழுத்து எரியும் கட்டடங்கள் நிறைய உண்டு. சளி, காய்ச்சலுக்குப் போகும் அர்ஜென்ட் கேர் கிளினிக்கும் அதே வரிசையில்தான் இருக்கும். வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பில்லில் தெரியும்.

‘எமர்ஜென்சி’ என்று எழுதியவை மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே தனியாக நடக்கும் அவசர சிகிச்சை மையங்கள். மெடிகேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) சேராத இடங்களை அமெரிக்க மத்திய அரசின் அவசர சிகிச்சைச் சட்டம் கட்டுப்படுத்தாது. அதனால் 2009-இல் டெக்சாஸ் தனியாக ஓர் உரிமச் சட்டம் போட்டது. மையம் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். பணம் கட்டுவாரா என்று பார்க்காமல் வருகிறவரைப் பரிசோதித்து, ஆபத்து நீங்கும்வரை கவனிக்க வேண்டும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கட்டண விஷயத்தில்தான் சட்டம் பெரும்பாலும் நோட்டீஸோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனை எமர்ஜென்சிக்கு இணையான கட்டணம் வாங்குவோம், மையத்துக்கென்று தனிக் கட்டணம் உண்டு, டாக்டர் தனியாக பில் அனுப்பலாம், உங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் (கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் உள்ள இடங்களின் பட்டியல்) நாங்கள் இல்லாமல் இருக்கலாம் என்று வாசலிலும் சிகிச்சை அறையிலும் பணம் கட்டும் இடத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். நெட்வொர்க்கில் இல்லாத கம்பெனியின் இன்சூரன்ஸை ‘ஏற்கிறோம்’ என்று விளம்பரம் செய்ய 2019-இல் தடை வந்தது. ஆனால் ‘எல்லா இன்சூரன்ஸுக்கும் பில் அனுப்புவோம்’ என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அந்தப் பகுதி எமர்ஜென்சிகளின் சராசரியைப்போல் இரண்டு மடங்கையாவது தொட்டால்தான் அநியாய விலை என்று அரசு வழக்குப் போடலாம் என்று ஒரு விதியும் உண்டு. சராசரியே ஆயிரக்கணக்கான டாலர் என்றால் அந்த வரம்பு யாருக்குப் பயன்?

2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ என்ற மத்திய அரசுச் சட்டம் இந்த மையங்களுக்கும் பொருந்தும். நெட்வொர்க்குக்கு வெளியே என்று காரணம் காட்டி மிச்சப் பணத்தை நோயாளி தலையில் கட்ட முடியாது. ஆனால் மகனின் கம்பெனி இன்சூரன்ஸுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, அப்பாவின் டிராவல் பாலிசிக்குக் கிடையாது. குறிப்பாக, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகை குறித்திருக்கும் மலிவான பாலிசிகளில், எமர்ஜென்சிக்கு நேராக இருப்பது சில நூறு டாலர்தான். மீதி முழுவதும் கைக்காசு. பெரிய பாலிசிகளிலும், எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாவிட்டால் இன்சூரன்ஸ் தரும் பணத்தில் கூடுதலாகக் கழிக்கும் விதி பலவற்றில் இருக்கிறது. இந்த மையங்களிலோ அட்மிட் செய்ய வார்டே கிடையாது.

ஆகவே கவுன்டரில் ‘எங்கள் இன்சூரன்ஸை எடுப்பீர்களா’ என்று கேட்காமல், ‘இந்தப் பாலிசியின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா’ என்று கேட்க வேண்டும். கையெழுத்துக்கு நீட்டும் காகிதங்களில் மையக் கட்டணமும் நெட்வொர்க் பட்டியலும் உள்ள தாள் ஒன்று இருந்தாக வேண்டும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாலிசி அட்டையில் உள்ள எண்ணுக்கு உடனே தகவல் சொல்லாவிட்டால் கிளெய்ம் இழுபறியாகும்.

நெஞ்சு வலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். தனி மையத்தில் ஆஞ்சியோ செய்யும் வசதி இருக்காது. அங்கே போய், இன்னொரு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாறுவதற்குள் நேரம் போய்விடும், பில்லும் இரண்டாகும்.

பில் வந்ததும் பணம் கட்டிவிடாமல், வரி வரியாகப் பிரித்த பில் கேளுங்கள். வசூலுக்கு இறங்குமுன் அதைக் கொடுத்தாக வேண்டும் என்று 2023-இல் டெக்சாஸ் சட்டமே போட்டிருக்கிறது. அதில் எமர்ஜென்சி சிகிச்சை எவ்வளவு சிக்கலானது என்று குறிக்க 99281 முதல் 99285 வரை ஒரு எண் இருக்கும். எண் ஏற ஏறக் கட்டணம் ஏறும். விரலில் மூன்று தையல் போட்டதற்கு 99285 போட்டிருந்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

— ஒரு வாசகர், ஹூஸ்டன்