திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் நடந்தன. மழையால் ஒன்று தள்ளிப்போனது. குறும்படப் போட்டி வழக்கம்போல் நடைபெற்றது.

இந்த ஆண்டின் முக்கியப் பணி ஹாலிவுட்டின் நடன ஜோடியான ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ் இருவரின் இசை நகைச்சுவைப் படங்களைத் தொடராகத் திரையிட்டதுதான். யோசனை என்னுடையது என்பதால் விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். "கறுப்பு வெள்ளைப் படம், அதிலும் இங்கிலீஷ் பாட்டு, யார் வருவார்கள்?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். இருவரும் சேர்ந்து நடித்தவை 10 படங்கள். 1933 முதல் 1939 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு 9, பிறகு 1949இல் எம்.ஜி.எம்.முக்கு ஒன்று. நாம் 'டாப் ஹேட்' (1935), 'ஸ்விங் டைம்' (1936), 'ஷல் வீ டான்ஸ்' (1937) மூன்றையும் திரையிட்டோம். ஒவ்வொன்றுக்கும் தமிழில் கதைச்சுருக்கமும் பாடல் குறிப்பும் எழுதி, அச்சடித்துக் கொடுத்தேன்.

வராதவர்களில் பலர் சொன்ன காரணம், "பாட்டை போனிலேயே பார்த்துவிட்டோம்" என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடும்போது தலை முதல் பாதம் வரை முழு உருவமும் திரையில் தெரிய வேண்டும், இடையில் வெட்டு குறைவாக இருக்க வேண்டும் என்பதில் அஸ்டேர் பிடிவாதமாக இருந்தவர். கையளவு திரையில் அந்தப் பாதங்கள் என்ன செய்கின்றன என்று யாருக்குத் தெரியும்? 'டாப் ஹேட்'டில் இர்விங் பெர்லின் இசையமைத்த 'சீக் டு சீக்' பாட்டுக்கு ஜிஞ்சர் அணிந்திருப்பது நெருப்புக்கோழி இறகு வைத்த உடை. ஒத்திகையில் இறகு உதிர்ந்து பறந்து அஸ்டேரைப் பாடாய்ப் படுத்தியது. படத்திலும் ஓரிரு இறகுகள் காற்றில் மிதப்பதை நம் கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். 'ஸ்விங் டைம்' கடைசி ஆட்டத்தை 40 தடவைக்கு மேல் எடுத்தார்கள். ஜிஞ்சரின் காலணிக்குள் ரத்தம் கசிந்தது. திரையில் அந்த வலியின் சாயல்கூட இல்லை.

அதே படத்தில் அஸ்டேர் முகத்தில் கருமை பூசி ஆடும் ஒரு பாட்டு உண்டு. அதை வெட்டிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. நான் வெட்டவில்லை. காலணியின் அடியிலுள்ள உலோகத் தகட்டால் தரையில் தாளம் தட்டி ஆடும் டேப் நடனத்தை வளர்த்தவர்களில் கறுப்பினக் கலைஞர்களே முன்னணியில் இருந்தவர்கள், அவர்களைப் போல வேஷம் போடுவது அன்று சர்வசாதாரணமான அவமதிப்பு என்பதைத் திரையிடலுக்கு முன்பே பேசினோம். தொடரிலேயே நல்ல விவாதம் நடந்தது அன்றுதான். செயற்குழுவினர் சிலர் அன்றும் வரவில்லை.

சந்தா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. நினைவூட்டினால் "அடுத்த கூட்டத்தில் தருகிறேன்" என்கிறார்கள், அப்புறம் அடுத்த கூட்டத்துக்கே வருவதில்லை. கூடத்தின் வாடகையும் அச்சுச் செலவும் காத்திருக்குமா? சிலர் கையிலிருந்து போட்டுத்தான் சமாளித்தோம். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரத்தைப் பொருளாளர் வைப்பார்.

கூடத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்கள், புரொஜெக்டர் இயக்கிய தம்பி, தேநீர் வழங்கிய உறுப்பினர் குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்த ஜோடியின் ஒரே வண்ணப் படமான, 1949இல் வந்த 'தி பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே'யுடன் தொடரை முடிக்க எண்ணம். ஒரு சிக்கல் இருக்கிறது. டேப் நடனத்தில் பாதி சுவை காலோசையில். அந்த ஓசையை, ஆட்டத்தைப் படமெடுத்த பிறகு தனியாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். ஜிஞ்சரின் காலடிகளைப் பெரும்பாலும் நடன உதவியாளர் ஹெர்மஸ் பான் ஆடித் தந்தார். அவ்வளவு மெனக்கெட்டுப் பதிந்த ஓசை நம் பழைய ஸ்பீக்கரின் இரைச்சலில் அமுங்கிப்போகிறது. புதிய ஸ்பீக்கருக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறேன். பாக்கிச் சந்தா வந்து சேர்ந்தாலே முன்பணம் கட்டிவிடலாம். ரசீதுப் புத்தகம் இன்று வாசல் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்