காந்திமதிக்கு: அந்த வயரை வெட்டிப் போடு

சேரன்மகாதேவி
20.05.2025

அன்புள்ள காந்திமதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆச்சிக்கு முட்டுவலி, அது எப்போதும் உள்ளதுதான்.

மாப்பிள்ளை அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயரின் தடிமன் போதும், வேலையும் சுத்தம். ஆனால் இரண்டு முனையிலும் பிளக் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைத் துணி உலர்த்தும் மெஷினுக்கான சாக்கெட்டிலும் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வந்துவிடும் என்று எழுதியிருந்தார். வரும். சந்தேகமே இல்லை. வந்துவிடும் என்பதுதான் என் பயமே. முதல் காரியமாக அந்த வயரை நடுவில் வெட்டிப் போடச் சொல். நான் நேரடியாகச் சொன்னால் மாமனார் அதட்டுகிறார் என்று ஆகிவிடும். நீ பக்குவமாகச் சொல்லிக்கொள்.

ஜெனரேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். போன வருஷம் ஜூலையில் பெரில் புயல் அடித்து அமெரிக்காவில் உங்கள் ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் கரண்ட் போனபோது, நீ பிள்ளையை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைக் கேட்டு உன் அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை. இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை மீறி ஓடியபோது, நம் வீட்டு ஜெனரேட்டரில்தான் தெருவே செல்போன் சார்ஜ் போட்டது. ஜூன் பிறந்தால் உங்கள் பக்கம் மறுபடியும் புயல் காலம். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மின்வாரிய சர்வீஸில் இருந்தபோது நடந்த ஒன்று. உன்னிடம் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. ஆடிக் காற்று. ஊருக்கு வெளியே வயக்காட்டோரம் எல்.டி. லைன், அதாவது டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகிற லைன், அறுந்து கிடப்பதாக ராத்திரி தகவல் வந்து போனோம். டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என் பையிலேயே போட்டுக்கொண்டேன். என்னோடு வந்தவர் மூத்த லைன்மேன், எதையும் சோதிக்காமல் தொடாத மனுஷர். போஸ்டில் ஏறி, இடுப்புக் கயிற்றைக் கட்டி, லைனைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடைக் கம்பியில் மாட்டினார். பட்டென்று ஒரு நீலப் பொறி. அதே நொடியில் தூரத்துக் கல்யாண மண்டபத்தில் சீரியல் விளக்கெல்லாம் அணைந்து, மைக் பாட்டு பாதியில் நின்றது. அந்த லைனில் இருந்ததே மண்டபமும் இரண்டு பம்புசெட்டும் மட்டும்தான். இறங்கிப் போய்ப் பார்த்தால், பின்பக்கம் வாடகை ஜெனரேட்டர் நிற்கிறது. அதிலிருந்து வந்த வயர் சமையல்கட்டுப் பவர் சாக்கெட்டில் செருகியிருக்கிறது. இரண்டு முனையிலும் பின். மெயினை யாரும் இறக்கவில்லை. அதனால் ஜெனரேட்டர் கரண்ட் மண்டபத்தைத் தாண்டி லைனுக்கும் போயிருக்கிறது. அன்றைக்கு அவர் ராடு மாட்டாமல் கையை வைத்திருந்தால், அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற வேலை எனக்கு வந்திருக்கும். அவர் யாரையும் திட்டவில்லை. கட்டிங் பிளையரை எடுத்து அந்த வயரைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிட்டு, மண்டபத்து ஆள் நீட்டிய காபியை வாங்கிக் குடித்தார்.

மெயினை இறக்கிவிட்டுத்தானே செருகப் போகிறோம் என்று மாப்பிள்ளை கேட்பார். இருட்டு, மழை, பிள்ளை அழுகை, பிரிட்ஜில் பால் கெடுகிறதே என்ற அவசரம். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனுஷனுடைய ஞாபகத்தை நம்பி இன்னொருவன் போஸ்டில் ஏறுவதா? அதோடு, ஜெனரேட்டர் ஓடும்போது சாக்கெட்டிலிருந்து யாராவது அந்த வயரைப் பிடுங்கினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின் அத்தனையிலும் கரண்ட் இருக்கும். உன் வீட்டில் தவழ்கிற பிள்ளை வேறு.

ஊர் முழுக்க இழுத்தால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடுமே என்றும் சில பேர் வாதாடுவார்கள். லைன் அறுந்து துண்டாகக் கிடக்கும்போது இழுக்க ஊர் ஏது? உங்கள் பக்கம் நாலைந்து வீட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், போஸ்டில் தூக்குவாளி மாதிரி தொங்குமே, அது இன்னும் மோசம். டிரான்ஸ்பார்மருக்கு எது வரத்து, எது போக்கு என்று தெரியாது. லைனிலிருந்து 7,200 வோல்ட் வந்தால் வீட்டுக்கு 240 ஆக்கித் தரும். வீட்டுப் பக்கத்திலிருந்து 240 கொடுத்தால் லைனுக்கு 7,200 ஏற்றி அனுப்பும். நம்மூரில் அதே வேலை 11,000 வரைக்கும் போகும். அப்புறம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைன் கரண்ட் திரும்பி வந்தால் இரண்டும் மோதும். தோற்கப்போவது உங்கள் ஜெனரேட்டர்தான், தீப்பிடித்தாலும் ஆச்சரியமில்லை.

நம் வீட்டு மீட்டர் பக்கத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் சேஞ்ச் ஓவர். அங்கே டிரான்ஸ்பர் சுவிட்ச் என்பார்கள். கைப்பிடிக்கு மூன்று இடம்: 1 என்றால் ஈ.பி., 2 என்றால் ஜெனரேட்டர், நடுவில் 0. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக 0 வழியாகத்தான் போக முடியும். ஒன்றை விட்டால்தான் மற்றதைத் தொடும். ஞாபகமறதிக்கு அதில் இடமே கிடையாது, இரும்பிலேயே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். உன் அம்மா எவ்வளவு லாவகமாக அதை இயக்குவாள் என்று நீ பார்க்க வேண்டும். கயிற்றை இழுத்து ஜெனரேட்டரை ஓடவிட்டு, சத்தம் ஒரு சீராக வரும்வரை நின்று கேட்பாள். அப்புறம்தான் கைப்பிடி. அப்புறம் பிரிட்ஜ், கொஞ்சம் விட்டு மற்றது என்று ஒவ்வொன்றாகப் போடுவாள். தெருவிளக்கு எரிந்தால் ஈ.பி. வந்துவிட்டது என்று அர்த்தம். கைப்பிடியைத் திருப்பிவிட்டு, ஜெனரேட்டரைச் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பாள். சொல்லிக் கொடுத்தது நான்தான், ஆனால் இப்போது என்னைத் தொடவிடுவதில்லை.

உங்கள் வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று இன்டர்லாக். பேனலில், அதாவது பிரேக்கர்கள் இருக்கிற பெட்டியில், மெயின் பிரேக்கருக்கும் ஜெனரேட்டர் பிரேக்கருக்கும் நடுவில் வைக்கிற ஒரு சின்னத் தகடு. ஒன்று ஆஃப் ஆனால்தான் மற்றது ஆன் ஆகும்படி தடுக்கும். செலவு குறைவு, பாதுகாப்பும் சரிதான். உங்கள் பேனலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதில் வீடு முழுக்க ஜெனரேட்டரில் விழும். வேண்டாத பிரேக்கர்களை நீயே ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். இன்னொன்று, ஆறு அல்லது பத்து சர்க்யூட்டை மட்டும் தனியே பிரித்து மாற்றுகிற டிரான்ஸ்பர் சுவிட்ச். மாப்பிள்ளை பாதி நாள் வெளியூரில் இருப்பவர். நீ தனியாக, கையில் பிள்ளையோடு, டார்ச் வெளிச்சத்தில் செய்ய வேண்டியிருக்கும். அதனால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. காசு கொஞ்சம் கூடினால் கூடிவிட்டுப் போகட்டும்.

எதை வைத்தாலும், ஜெனரேட்டர் வயரைச் செருக வெளிச்சுவரில் இன்லெட் பெட்டி ஒன்று வைக்க வேண்டும். அதில் பின்கள் பெட்டிக்குள்ளே இருக்கும், வயரின் முனையில் ஓட்டைதான் இருக்கும். மாப்பிள்ளை செய்த வயருக்கு நேர் எதிர். 30 ஆம்ப் போதும் உங்களுக்கு. நாலு பின்: இரண்டு லைவ் (கரண்ட் வருவது), ஒரு நியூட்ரல் (திரும்பிப் போவது), ஒரு எர்த். வயர் 10 கேஜ் செம்பு.

5 கிலோவாட் ஜெனரேட்டர் என்றால் பிரிட்ஜ், விளக்குகள், இன்டர்நெட் பெட்டி, கேஸ் ஹீட்டரின் காற்றாடி, ஜன்னல் ஏசி ஒன்று ஓடும். அந்தக் காற்றாடியை மறந்துவிடாதே. கேஸ் வந்துகொண்டிருந்தாலும் அது சுற்றாமல் வீடு சூடாகாது. 2021 பிப்ரவரிக் குளிரில் கேஸ் இருந்தும் நடுங்கிய வீடுகள் அங்கே உண்டு. வீட்டுக்கே போடுகிற பெரிய ஏசியை இதில் ஓட்டலாம் என்று நினைப்பது கோட்டிக்காரத்தனம். ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு, கிளம்பும்போது இழுக்கும்.

மாப்பிள்ளை பேனலைத் திறக்கவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம்மூர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் லைவ், கறுப்பு நியூட்ரல். அங்கே கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். சின்ன வயதில் என்னோடு டெஸ்டர் பிடித்துத் திரிந்த உனக்கே, அந்தக் கறுப்பைப் பார்த்தால் கை பயமில்லாமல் போகும். சுவிட்ச் கூட இங்கே கீழே தட்டினால் ஆன், அங்கே மேலே தட்டினால் ஆன். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, சிட்டியில் பெர்மிட் எடுத்துச் செய்யுங்கள். பெர்மிட் எடுத்தால் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். இன்னொரு கண் பார்ப்பது நல்லதுதானே.

நியூட்ரல் விஷயத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் நீயே கேள். நம் வீட்டு சேஞ்ச் ஓவரில் லைவும் நியூட்ரலும் சேர்ந்தே மாறும். அங்கே வீடுகளில் வைக்கிற பல சுவிட்சுகளில் லைவ் மட்டும்தான் மாறும், நியூட்ரல் அப்படியே இருக்கும். வீட்டு மெயினில் நியூட்ரலும் எர்த்தும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சில ஜெனரேட்டர்களில் நியூட்ரலை அதன் பாடியோடும் சேர்த்திருப்பார்கள். இரண்டு இடத்தில் சேர்ந்தால் திரும்பி வருகிற கரண்டுக்கு இரண்டு பாதை ஆகிவிடும். ஜெனரேட்டரில் ஜி.எஃப்.சி.ஐ. இருந்தால், அது நம்மூர் ஆர்.சி.சி.பி. மாதிரி, கரண்ட் கசிந்தால் அணைக்கிற சுவிட்ச்தான், உடனே டிரிப் ஆகும். மிஷின் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், மிஷின் நல்லாத்தான் இருக்கும். அதனால் ஜெனரேட்டர் வாங்கும் முன்பே, நியூட்ரல் பாடியோடு சேர்ந்ததா தனியா என்று பார்த்து, அதற்கேற்ற சுவிட்சைப் போடச் சொல்.

இனி அந்த ஆர்.வி. வண்டி, உள்ளேயே தங்கி ஊர் சுற்றுகிற வீட்டு வண்டி. பழைய வண்டி வாங்கியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதை உன் அம்மா சொல்லிவிட்டாள். அதற்குள் டிரான்ஸ்பர் சுவிட்ச் ஏற்கெனவே இருக்கும், தானாக மாறுவது. கேம்ப் மைதானத்துக் கரண்ட், வண்டியின் ஜெனரேட்டர் இரண்டும் அதில்தான் வந்து சேரும். ஜெனரேட்டரைப் போட்டதும் வண்டிக்குள் கரண்ட் வராது. அது நிதானத்துக்கு வரட்டும் என்று சுவிட்ச் கொஞ்சம் காத்திருந்துதான் மாறும். கெட்டுவிட்டது என்று தட்டாதீர்கள். ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அதன் டெர்மினல் திருகாணிகள் தளரும். தளர்ந்தால் சூடாகும், கருகும். கரண்ட் வரும் வழி எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது முறுக்கிப் பார்க்க வேண்டும். எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்தால் வண்டியை விட்டு வெளியே வந்துவிடு, அப்புறம் தேடலாம்.

வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி அதற்கென்று பாயிண்ட் போடுவதாக இருந்தால் ஒன்று. 30 ஆம்ப் ஆர்.வி. பிளக்கில் மூன்று பின் இருக்கும். அது 120 வோல்ட்தான். பெரிய பிளக்கைப் பார்த்ததும் 240 என்று நினைத்து இணைத்துவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் அங்கேயும் உண்டு. வண்டிக்குள் இருக்கிற டிவி, மைக்ரோவேவ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல், அப்புறம் செருகு. வண்டி ஜெனரேட்டரிலிருந்து வீட்டுக்கு இழுக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டதற்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அது வண்டிக்கென்று 120 வோல்ட் தருவது. வண்டிக்கு அது, வீட்டுக்கு வேறு.

ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைக்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும். வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காதபடி வை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. 2021 குளிரில் உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே வீட்டுக்குள் புகை சேர்ந்து செத்தார்கள். பேட்டரியில் ஓடுகிற அலாரம் படுக்கையறைப் பக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பெட்ரோல் ஊற்றும்போது மிஷினை அணைத்து ஆறவிட்டு ஊற்று.

பேனல் கதவைத் திறந்து, உள்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டும் எல்லாப் பிரேக்கர்களும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. மூடியைக் கழற்ற வேண்டாம். எந்தெந்த சர்க்யூட்டைப் பிரிக்கலாம் என்று நான் குறித்து அனுப்புகிறேன், எலக்ட்ரீஷியனிடம் காட்டு. அவர் வருகிற அன்று எனக்கு வீடியோவில் கூப்பிடு. உங்களுக்குக் காலை பத்து என்றால் இங்கே ராத்திரி எட்டரை, நான் முழித்துத்தான் இருப்பேன். அவர் சம்மதித்தால் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், குறுக்கே பேசமாட்டேன்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். தெருவில் யாரோ அடுத்த மாதம் டல்லாஸ் போகிறார்களாம், கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா