கை மூடுவதற்கு எத்தனை நிமிடம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில், "சிக்குன்குனியா காய்ச்சல் போய் ஒரு மாசம் ஆச்சும்மா, இன்னும் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியல, எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்காதே, மேசைமேல் விரித்து வைத்துப் படி.

உனக்கு மட்டும் இல்லை. 1952-இல் இன்றைய தான்சானியாவின் தெற்குப் பக்கம் இந்த நோய் பரவியபோது, அங்கே மகொண்டே மொழி பேசுகிறவர்கள் 'வளைந்து போவது' என்ற அர்த்தத்தில் இதற்குச் சிக்குன்குனியா என்று பேர் வைத்தார்கள். காய்ச்சலை வைத்து இல்லை, மூட்டை வைத்தே பேர் வந்தது. நம் நாட்டில் 1963-இல் கல்கத்தாவிலும் அடுத்த வருஷம் சென்னையிலும் வந்தது. பிறகு பல வருஷம் காணாமல் போய், 2005 கடைசியில் திரும்பியது. 2006-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு. காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று எழுந்து, மறுநாள் காலை கட்டிலிலிருந்து காலை ஊன்ற முடியாமல் திரும்ப உட்கார்ந்தவர்கள் அதில் எத்தனையோ பேர்.

வைரஸ் ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். அதற்குப் பிறகு மூட்டுக்குள் நடப்பது அழற்சி. உடம்பு மூட்டிய நெருப்பு, உடனே அணைய மாட்டேன் என்கிறது. முதல் 3 வாரம் ஒரு கட்டம், அங்கிருந்து 3 மாதம் வரை இரண்டாவது கட்டம், அதற்கும் மேல் போனால் நாள்பட்டது என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். நீ இப்போது இரண்டாவது கட்டத்தில் இருக்கிறாய். உன் வயதில் பெரும்பாலோருக்கு இதற்குள்ளேயே சரியாகிவிடும். ஆனால் நேர்கோடாகச் சரியாகாது. நாலு நாள் நன்றாக இருந்துவிட்டு ஐந்தாம் நாள் மணிக்கட்டு மறுபடி வீங்கும். அன்றைக்கு "திரும்ப முதலிலிருந்து" என்று நினைத்துவிடாதே. இது ஏறி இறங்கித்தான் போகும்.

அது போகிற திசை தெரிய ஒரே ஒரு அளவு போதும். காலையில் கண் விழித்ததும் மணியைப் பார். விரல்களை மடக்கிப் பார். நாலு விரல் நுனியும் உள்ளங்கையைத் தொட்டுக் கை முழுசாக மூடுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுது. 'வலி அதிகம், வலி குறைவு' என்று எழுதினால் மனநிலைக்குத் தக்கபடி மாறும், நிமிடம் மாறாது. 90 என்பது இரண்டு வாரத்தில் 60 ஆனால், நடுவில் ஒருநாள் 100 வந்திருந்தாலும் நீ தேறிக்கொண்டிருக்கிறாய். மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.

மாத்திரை விஷயத்தைக் கவனமாகப் படி. காய்ச்சல் நாட்களில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேனே, அதற்குக் காரணம் இரண்டையும் ஒரே கொசு பரப்புவது. டெங்குவில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவை அதிகமாக்கும். இப்போது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, மருத்துவர் வலி மாத்திரை எழுதியிருக்கிறார், சரி. ஆனால் அட்டையைத் திருப்பிப் படி. கடையில் மூட்டுவலிக்குக் கொடுக்கும் பல மாத்திரைகளில் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தோடு பாரசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதையும் போட்டு, 'காய்ச்சல் மாத்திரைதானே' என்று தனியாக 650 மி.கி. பாரசிட்டமாலையும் போட்டால் ஒரே மருந்து இரண்டு வழியாக உள்ளே போகும், கல்லீரல் தாங்காது. எல்லா வழியும் சேர்த்து பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 3 கிராமுக்குள் இருக்கட்டும். இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரமாவது இடைவெளி விடு. அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் சாப்பிட்ட பிறகு, தண்ணீர் நிறையக் குடித்து. மலம் கறுத்துப் போனாலோ சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்.

நான் மிகவும் பயப்படுவது பேர் இல்லாத மாத்திரைக்குத்தான். பொட்டலத்தில் மடித்து, 'மூணு நாள் போடுங்க, ஓடுவீங்க' என்று கொடுப்பார்கள். உண்மையிலேயே ஓடத் தோன்றும், ஏனென்றால் அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். நிறுத்தியதும் வலி முன்னைவிட வேகமாகத் திரும்பும், மறுபடி அதே பொட்டலத்துக்குப் போகத் தோன்றும். ஸ்டீராய்டு தேவைப்படுகிற நோயாளிகள் உண்டு. அதை அளவு சொல்லி, படிப்படியாகக் குறைக்கிற மருத்துவர் எழுத வேண்டும். நிலவேம்புக் குடிநீர் அனுப்பட்டுமா என்று அத்தை கேட்டாள். காய்ச்சல் காலத்தில் நம் ஊரில் எல்லோரும் குடிக்கிறோம், குடிக்கலாம். ஆனால் ஆறாவது வாரத்து மூட்டு வீக்கத்துக்கு அதையே நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதே. குடித்தால் அவரிடம் சொல்.

3 மாதம் தாண்டியும் காலை விறைப்பும் வீக்கமும் இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போகாதே. ரூமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு அழற்சி மருத்துவர், என்று பலகை போட்டிருப்பவரிடம் போ. எக்ஸ்ரேயில் இந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'எல்லாம் நார்மல்' என்று சொல்லிவிடுவார்கள், நீயும் கற்பனையோ என்று குழம்பிப்போவாய். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., முடக்குவாதத்தைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துத்தான் இது வைரஸின் மிச்சமா, வேறு முடக்குவாதமா என்று அவர் பிரித்தறிவார். அதற்குள் ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்து மறுபடி காய்ச்சல் வந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே போ. இரவில் கட்டைவிரல் பக்கம் மூன்று விரல்கள் மரத்து எழுப்பிவிட்டால், மணிக்கட்டு வீக்கம் நரம்பை அழுத்துகிறது என்று அர்த்தம். அதையும் சொல்.

காலையில் எழுந்ததும் வேலையைத் தொடங்காதே. அகலமான பேசினில் முழங்கையை விட்டுப் பார்த்துச் சுடாத, இதமான வெந்நீர் எடுத்துக்கொள். இரண்டு மணிக்கட்டும் முங்கும்படி 10 முதல் 15 நிமிடம் வை. தண்ணீருக்குள்ளேயே விரலை மெதுவாக மூடித் திற, 10 முறை. மணிக்கட்டை மேலும் கீழும் 10, பக்கவாட்டில் 10. பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டு உயிரெழுத்தையும் எழுது. கணுக்கால் எல்லாத் திசையிலும் திரும்ப இதைவிட நல்ல வழி கிடையாது. மூட்டு சூடாகவும் சிவந்தும் இருக்கிற நாளில் வெந்நீர் வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் போதும். பயிற்சி முடிந்து 2 மணி நேரம் கழித்தும் வலி முன்னைவிட அதிகமாக இருந்தால் நீ அளவுக்கு மீறிச் செய்துவிட்டாய். நாளைக்கு அதில் பாதி. ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது, படுத்தே கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும்.

வீட்டு வேலையில் மணிக்கட்டுக்கு முதல் எதிரி துணி பிழிவதுதான். ஈரத் துண்டைக் குழாய்க் கம்பியில் மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து முறுக்கு. முடியாவிட்டால் சொட்டச் சொட்டவே கொடியில் போடு. வாணலியைக் காதைப் பிடித்து ஒரு கையால் தூக்காதே. இரண்டு கையிலும் தடிமனான துணி வைத்து, உள்ளங்கையில் தாங்கித் தூக்கு. பாட்டில் மூடிமேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, விரலால் இல்லாமல் உள்ளங்கையை அழுத்தித் திற. பக்கெட்டில் பாதிக்கு மேல் நிரப்பாதே. தேங்காய் துருவுவதும் சப்பாத்தி மாவு பிசைவதும் இரண்டு மாதத்துக்கு வேண்டாம், இட்லி மாவைக் கடையில் வாங்கு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் 'இன்னும் வலிக்கிறது' என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் தட்டச்சு செய்ய முடியாது, காலை 11 மணிக்கு முன்னால் கூட்டம் வேண்டாம், வாய்மொழித் தட்டச்சுக்கு அனுமதி வேண்டும்' என்று மருத்துவர் சான்றிதழோடு எழுதிக் கொடு. செய்ய முடியாததைத் துல்லியமாகச் சொன்னால் அவர்களுக்கு உதவி செய்வதும் எளிது.

இனிமேல் சொல்லப் போவதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். நீ புனேயில் தனியாக ஒரு அறையில் இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாய். ஆனால் இந்த நோய் ஒரு ஆளைத் தேடி வருவதில்லை, ஒரு தெருவைத் தேடி வரும். இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் வாழ்நாளில் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் பறக்காது. அப்படியென்றால் உன்னைப் போலவே மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறவர்கள் உன் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் பெரும்பாலும் இருப்பார்கள். நாங்கள் 800 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தேறுதல் சொல்கிறோம். உன் மணிக்கட்டு எப்படி வலிக்கிறது என்று தெரிந்தவர் இரண்டு மாடிக்கு மேலே இருக்கிறார்.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டு. 'சிக்குன்குனியா வந்து இன்னும் மூட்டுவலி உள்ளவர்கள் ஞாயிறு 11 மணிக்கு வாருங்கள், தேநீர் உண்டு' என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதச் சொல், இடத்தையும் போடு. மொட்டைமாடி வேண்டாம், படியேற முடியாதவர்களுக்குத்தானே இது. கீழ்த்தளத்தில், தரையில் உட்கார வைக்காமல் நாற்காலி போடு. மூன்று பேர் வந்தாலே போதும். முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடு, அதற்கு மேல் எல்லோருக்கும் விறைத்துவிடும். ஆளுக்கு ஐந்து நிமிடம், குறுக்கே யாரும் பேசக் கூடாது. மாத்திரைப் பெயரும் சீட்டுப் படமும் பரிமாறக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு. ஒருவருக்கு ஒத்துக்கொண்டது, சிறுநீரகம் பழுதான இன்னொருவருக்கு ஆபத்தாக முடியும். எண்ணெய் விற்க வருகிறவரை மரியாதையாக அனுப்பிவிடு.

இதில் பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. குணமானவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். மிஞ்சுவது இன்னும் வலி உள்ளவர்கள் மட்டும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்குமே சரியாகாது என்று தோன்றும், அது பொய்க் காட்சி. அதனால் தேறியவர் ஒவ்வொருவரும் இன்னும் ஒரு மாதம் வந்துபோக வேண்டும் என்று கேட்டுக்கொள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்போதும், மூக்குமேல் கறுப்புப் படரும்போதும், 'எனக்கும் ரெண்டாம் மாசம் இப்படித்தான், தானா நின்னுது' என்று சொல்ல ஒருவர் எதிரில் இருந்தால் இரவு தூக்கம் வரும்.

வேலையையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒருத்திக்குக் கை போயிருக்கும், இன்னொருத்திக்குக் கணுக்கால் போயிருக்கும். கால் நன்றாக உள்ளவள் கடைக்குப் போகட்டும், கை நன்றாக உள்ளவள் காய் நறுக்கட்டும். வாரத்தில் ஒருநாள் எல்லோருமாகத் தண்ணீர் தேங்குகிற இடத்தைப் பாருங்கள். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி. கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால்தான் வாரத்துக்கு ஒருமுறை. இந்தக் கொசு பகலில் கடிப்பது, இரவு வலை மட்டும் போதாது. உன்னிடமிருந்து யாருக்கும் தொற்றிக்கொள்ளாது என்பதையும் அவர்களிடம் சொல், பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

யாரோடும் பேசப் பிடிக்காத நாளும் வரும். தொடர்ந்து இரண்டு வாரம் அப்படியே இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோகூட, 14416-க்குக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அதற்கு அடுத்து என்னைக் கூப்பிடு, மணி பார்க்காதே.

அப்பா வெள்ளிக்கிழமை பார்சல் போடுகிறார். கைப்பிடி தடித்த கரண்டி இரண்டு, பெரிய காது வைத்த டம்ளர் ஒன்று, பருப்புப்பொடி. பொடியைத் திருகு மூடி டப்பாவில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையிலிருந்து எனக்கு நீளமாக எதுவும் எழுத வேண்டாம், கை மூட எத்தனை நிமிடம் ஆனது என்று அந்த ஒரு எண்ணை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா