முளைப்பாரி போய்ச் சேரும் இடம்: பிச்சாவரம் பயணம் பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், நேத்து ஆத்துல விட்ட முளைப்பாரி எல்லாம் எங்க போய்ச் சேருமுங்க?" அதே கேள்வியை வகுப்பிடம் திருப்பினேன். கரூர் என்றார்கள், திருச்சி என்றார்கள், ஒரு பையன் கல்லணை வரைக்கும் போனான். அதற்குமேல் பதில் இல்லை. கொடுமுடிப் படித்துறையில் குளித்து வளர்ந்தவர்கள், காவிரித் தண்ணீரில் விளைந்த மஞ்சளும் கரும்பும் விற்ற காசில் படிக்கிறவர்கள். ஆறு முடிகிற இடம் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் வரும் தை மாதம் மூன்றாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிச்சாவரம் அழைத்துப் போகிறோம்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பும். காலைச் சாப்பாடு முக்கொம்பில். நம் ஊர் வழியாகப் போகும் தண்ணீர் அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, மற்றொன்று கொள்ளிடம். பெருவெள்ளம் வந்தால் கொள்ளிடம்தான் தாங்கிக்கொண்டு போகும். அந்தக் கொள்ளிடம் கடலில் விழுகிற இடத்துக்கும் வடக்கே வெள்ளாறு கடலில் விழுகிற இடத்துக்கும் நடுவில் கிடக்கிறது பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. உலக அளவில் காக்கப்பட வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் அது சேர்ந்தது.

போன வருடம் நான் அங்கே போயிருந்தேன். துடுப்புப் படகு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். தண்டிலிருந்து வேர்கள் வளைந்து இறங்கி, பந்தலுக்கு முட்டுக் கொடுத்ததுபோலச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விரல் விரலாகச் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலே நீட்டியிருப்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. என்னை நிறுத்தி வைத்தது சுரபுன்னையின் விதைதான். அது கீழே விழுந்து முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைப் பிஞ்சுபோல நீண்டு, அப்புறம்தான் விழுகிறது. சேறு கிடைத்தால் அங்கேயே குத்தி நிற்கும், தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறு கரையில் வேர் பிடிக்கும். மரமே முளைப்பாரி வளர்த்து ஆற்றில் விடுகிறது! அந்தப் பெண்ணுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

அந்த வேர்களுக்கிடையில் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக உள்ள சின்ன நண்டுகள், சேற்றில் துள்ளி நடக்கும் மீன்கள். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் இந்த உப்பங்கழிக்குள் வந்துதான் வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. நம் சந்தைக்கு வரும் கடல் இறாலில் எத்தனையோ இப்படிப்பட்ட வேர்களின் நிழலில் வளர்ந்தவைதான்.

ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாகி, ஏறிவந்த கடல் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, உப்பு கூடிப்போனது. புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. பின்னாளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால் தூர்ந்தால் வயல் என்னாகும் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது.

மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும். நாம் ஆற்றில் எதை விடுகிறோமோ அதுவும் அந்தப் பக்கம்தான் போகும். காவிரியில் வந்து கலக்கும் நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் ஓடியதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். இதற்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று அன்று நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

"தண்ணிப் பக்கம் புள்ளைய அனுப்ப பயமா இருக்குதுங்க" என்று சில அம்மாக்கள் சொன்னீர்கள். காவிரிக் கரையில் இருக்கும் நமக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம்தான். உயிர்காப்பு உடுப்பு போடாமல் ஒரு பிள்ளையும் படகில் ஏறாது. ஒவ்வொரு படகிலும் ஓர் ஆசிரியர் இருப்பார். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. தில்லை மரத்தைத் தொடக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பேர் இந்த மரத்தால்தான் வந்தது.

சனி இரவு சிதம்பரத்தில் மண்டபத்தில் தங்கல், பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம். ஞாயிறு காலை படகு, இரவுக்குள் வீடு. முதல் நாளுக்கு மட்டும் கட்டுச்சோறு கொடுத்துவிடுங்கள், வாழையிலையிலோ டப்பாவிலோ. பிளாஸ்டிக் பை வேண்டாம். பணம் கட்ட முடியாத வீடு என்றால் தயங்காமல் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அதற்காக எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது.

சம்மதக் கடிதத்தை அடுத்த புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். பஸ்ஸில் நான்கு சீட் மீதம் இருக்கிறது. உங்கள் வீட்டில் இதுவரை கடலே பார்க்காத அப்புச்சியோ அம்மிச்சியோ இருந்தால் பேர் கொடுங்கள், அழைத்துப் போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்